ஊசி போட்ட வாரம்

எர்ணாவூரில் எங்கள் வீடு மூன்றாவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட் கிடையாது. மகள் நடக்கப் பழகிய காலத்தில் அவளை ஒரு கையிலும் தண்ணீர்க் குடத்தை இன்னொரு கையிலும் தூக்கிக்கொண்டு நிற்காமல் ஏறுவேன். அவளுக்கு நாலு வயதானபோது முதல் மாடித் திருப்பத்திலேயே உட்கார ஆரம்பித்தேன். வெயில் என்றேன். பிறகு ஷிஃப்ட் வேலை என்றேன். அப்புறம் சொல்வதற்குக் காரணம் எதுவும் கிடைக்காமல் சும்மா உட்கார்ந்தேன். மகள் பக்கத்தில் குந்திக்கொண்டு, "நைனா, போலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள்.

என்னிடம் ஏதோ சரியில்லை என்று கவனித்தது மனைவிதான். அவள் பால்வாடியில் ஆயா. பேசத் தெரியாத பிள்ளைக்கு எங்கே வலிக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவள் வேலையில் பாதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள்.

"நீ ஷேவ் பண்ணி எத்தினி நாளாவுது?"

"ரெண்டு வாரம் இருக்கும்."

"அப்ப தாடி எங்க?"

தடவிப் பார்த்தேன். கன்னம் வழுவழுவென்று இருந்தது. அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. எங்களுக்குள் கணவன் மனைவி என்ற நெருக்கம் நின்றுபோய் வெகு நாளாகியிருந்தது. அதைப் பற்றியும் அவள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. களைப்பு என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டதைப் போல இருந்தோம்.

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் ரீச் ஸ்டாக்கர் ஓட்டுகிறேன். கன்டெய்னரை மேலிருந்து கவ்வித் தூக்கி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் பெரிய வண்டி. அந்த மாதம் ஒரு மதியம், தூக்கிய பெட்டியோடு இடப்பக்கம் திரும்பியபோது அங்கே ஒரு டிரெய்லர் நின்றிருந்தது எனக்குத் தெரியவே இல்லை. கீழே நின்றவர்கள் கத்திய கத்தலில் பிரேக்கை மிதித்தேன். டிரெய்லருக்குள் ஆள் இருந்தார். ஒன்றும் ஆகவில்லை. எங்கள் சூப்பர்வைசர் ஏணியில் ஏறி வந்து சாவியை எடுத்துக்கொண்டார்.

"உன் கண்ணுல இன்னாவோ கீது நைனா. போயி காட்டிகினு வா. அது வரைக்கும் வண்டி வாணாம்."

எனக்கு அன்றைக்கு அவர் மேல் பயங்கரக் கோபம். அந்தச் சாவியை அவர் பிடுங்காமல் இருந்திருந்தால் அடுத்த டிரெய்லரில் இருந்தவர் பிழைத்திருக்க மாட்டார் என்று இன்றைக்குத் தெரிகிறது.

கண் ஆஸ்பத்திரியில் ஒரு கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டு ஓரங்களிலும் எனக்கு ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை. அங்கிருந்து தலைக்கு ஸ்கேன். மூளைக்கு அடியில் பிட்யூட்டரி என்றொரு சின்னச் சுரப்பி இருக்கிறதாம். அதில் நாவல்பழ அளவுக்கு ஒரு கட்டி வளர்ந்து, கண்ணுக்குப் போகும் நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. புற்றுநோய் இல்லை, ஆனால் எடுத்தே ஆகவேண்டும் என்றார்கள். பெரிய அரசு ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகவே எடுத்தார்கள். மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தபோது மனைவி கட்டிலின் தலைமாட்டில் ஓரமாக நின்றிருந்தாள். தலையைத் திருப்பாமலேயே அவள் தெரிந்தாள். "தெரியிற" என்று மட்டும் சொன்னேன். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

கட்டி போய்விட்டது, ஆனால் சுரப்பி பாதிக்கு மேல் கெட்டுப்போயிருந்தது. அதனால் என்னை ஹார்மோன் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கேதான் எங்கள் டாக்டரம்மாவை முதன்முதலில் பார்த்தோம். ஐம்பதைத் தொடும் வயது, மெல்லிய குரல். வெளியே எவ்வளவு கூட்டம் நின்றாலும் எதிரில் இருப்பவரிடம் அவசரப்படாமல் பேசுவார்.

"உடம்புல பல சுரப்பிகளுக்கு இந்தச் சுரப்பிதான் உத்தரவு போடும். உங்களுக்கு அந்த உத்தரவு நின்னுபோச்சு. தைராய்டுக்கு மாத்திரை குடுத்திருக்கோம். ஸ்டீராய்டு மாத்திரையும் குடுத்திருக்கோம், அதை ஒருநாள்கூட விடக்கூடாது. இப்ப ஆண்களுக்கான ஹார்மோன், டெஸ்டோஸ்டிரோன், அதுவும் ரொம்பக் கம்மியா இருக்கு. அதுக்கு ஊசி. ஆயுசு முழுக்கப் போட்டுக்கணும்."

நான் மனைவியைப் பார்த்து, "நீ வெளியில இரேன்" என்றேன்.

"நா இன்னாத்துக்கு வெளிய போவணும்? கூட குடுத்தனம் பண்றது யாரு?" என்று நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எல்லாவற்றையும் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தே சொன்னார். ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்றார். இந்த ஊசியால் பலம் வரும், ஆசை வரும், ஆனால் பிள்ளை உண்டாகாது. இன்னொரு குழந்தை வேண்டுமென்றால் இதை நிறுத்திவிட்டு வேறு ஊசிகள் போட வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும், யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

மனைவி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். இதைப் பற்றி நாங்கள் முன்பே பேசி வைத்திருந்தோம்.

"ஒண்ணு போதும் மேடம். இவரு ஒராளு கீறாரே, அதுவே எனக்கு ரெண்டாவது புள்ள மாதிரிதான்" என்றாள். அப்போதுதான் டாக்டரம்மா சிரித்தார்.

இடுப்பில் எண்ணெய் போலக் கெட்டியான மருந்து. போட்ட இடம் இரண்டு நாள் வலித்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் போட்டுக்கொண்டேன். இரண்டாவது மூன்றாவது ஊசிக்குள் உடம்பு மாறியது. மாடிப்படி லேசாகியது. முகத்தில் முடி குத்தியது. காலையில் பசித்தது. யார்டில் வண்டி தராமல், கேட்டில் வரும் பெட்டிகளின் நம்பரைச் சரிபார்க்கும் வேலை கொடுத்திருந்தார்கள். வெயிலில் நின்று அதைச் செய்துவிட்டு வந்து, மகளைச் சுமந்துகொண்டு மாடி ஏறினேன். அந்தச் சந்தோஷத்தை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. மனைவியிடம் சொல்ல வேண்டியதே இல்லை, அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் அந்த ஊசி உடம்பை ஒரே நிலையில் வைக்கவில்லை. முதுகெல்லாம் பருவாகக் கிளம்பியது, இருபது வயதுப் பையனைப் போல. மார்புக்காம்பு பனியனில் உரசினாலே வலித்தது. ஊசி போட்ட வாரத்தில் ரத்தம் கொதிப்பது போல இருக்கும். ஷேர் ஆட்டோவில் ஒருவன் கால் மேல் கால் பட்டதற்குச் சண்டைக்குப் போனேன். மூன்றாவது வாரம் அதற்கு நேர்மாறு. மகள் பென்சிலைத் தொலைத்துவிட்டு அழுதால் எனக்கும் அழுகை வரும்.

இப்படி நடந்துகொண்டிருந்தபோது ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஊசி போட்ட மறுநாள் எனக்கு லீவு. அன்றே போய் ரத்தம் கொடுத்துவிட்டேன். ரிப்போர்ட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மா விடுப்பில் இருந்தார். அன்றைக்கு இருந்த டாக்டர், அளவு மிக அதிகமாக இருக்கிறதே என்று ஊசியைப் பாதியாகக் குறைத்தார். ரிப்போர்ட்டில் அப்படித்தான் இருந்தது, அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

அடுத்த இரண்டு மாதம் நான் மறுபடி படிக்கட்டில் உட்கார்ந்தேன். முட்டி வலித்தது. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வேன். சாப்பாட்டுத் தட்டு முன்னால் ஆறிப்போகும். மனைவி பொறுத்துப் பார்த்துவிட்டு, டாக்டரம்மா திரும்பி வந்துவிட்டார் என்று தெரிந்த நாளில் பால்வாடிக்கு லீவு போட்டு என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

"எப்படி இருக்கீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"பரவால்ல மேடம்" என்றேன்.

"பொய் மேடம்" என்றாள் மனைவி. "முன்ன ஊசி போட்ட வாரம் வூட்ல பாத்திரம் உருளும். ரெண்டாவது வாரம் மனுசனா இருப்பாரு, சிரிச்சிகினு, பொண்ணு கூட ஆடிகினு. மூணாவது வாரம் மூலையில குந்திக்குவாரு. இப்ப ஊசிய கொறச்சப்பறம் எல்லா வாரமும் மூலைதான்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துப் பார்த்தார்.

"ரத்தம் என்னிக்கு குடுத்தீங்க? ஊசி போட்டு எத்தனாவது நாள்?"

"மறுநாளு மேடம்."

"அதான். மறுநாள் யாருக்குப் பார்த்தாலும் உச்சத்துலதான் இருக்கும். அதை வெச்சு முடிவு பண்ண முடியாது. இந்தம்மா சொன்ன கணக்குதான் எனக்கு வேணும்."

அன்றைக்கு ஒரு மாற்றம் செய்தார். ஒரேயடியாக நிறைய மருந்தை ஏற்றி மூன்று வாரம் காத்திருக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக வாராவாரம் போடச் சொன்னார். அடுத்த பரிசோதனை ஊசிக்கு முந்தைய நாள் என்று இரண்டு தடவை சொன்னார். வாராவாரம் இடுப்பில் ஊசி என்பது பேஜாரு பிடித்த வேலைதான். ஆனால் கொதிப்பும் மூலையும் குறைந்தன. முதுகுப் பருவும் வாடத் தொடங்கியது. மனைவி ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே, "இந்த வாரம் எந்த வாரம்னே தெர்ல எனக்கு" என்றாள். அதைவிடப் பெரிய பாராட்டு அந்த வருடம் எனக்குக் கிடைக்கவில்லை.

சில மாதங்கள் நன்றாகப் போயின. பிறகு தலைவலி வந்தது.

காலையில் எழுந்தாலே தலை கனத்தது. முகம் சிவந்து, காது சூடாக இருந்தது. இரவில் குறட்டை. எனக்குத் தெரியாது, மனைவிதான் சொன்னாள். "பேசின் பிரிட்ஜ் யார்டுல ரயில முன்னயும் பின்னயும் இஸ்துகினு இருப்பானுங்களே, அந்த மாதிரி கீது. நடுவுல சத்தம் நின்னுபூடுது. அப்ப எனக்கு பயமா கீது, உன்ன தட்டி எழுப்புறேன்."

குறட்டையை நான் கண்டுகொள்ளவில்லை. தலைவலியைத்தான் கண்டேன். கட்டி மறுபடி வந்துவிட்டது என்று முடிவு செய்துகொண்டேன். யாரிடமும் சொல்லாமல், நடக்கும்போது கைகளைப் பக்கவாட்டில் நீட்டி விரலை ஆட்டி, தெரிகிறதா என்று பார்ப்பேன். ஒரு நாள் மாடிப்படியில் அப்படிச் செய்தபோது மனைவி பார்த்துவிட்டாள். மறுநாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம்.

டாக்டரம்மா ஸ்கேனுக்கும் எழுதினார், ரத்தத்துக்கும் எழுதினார். ஸ்கேன் கருவிக்குள் படுத்திருந்தபோது அது தடதடவென்று அடித்த சத்தத்தில் எனக்கு மகளின் முகத்தைத் தவிர வேறெதுவும் மனதில் நிற்கவில்லை. வெளியே வந்தால் மனைவி பெஞ்சில் என் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கீழே வைத்தால் யாராவது போட்டுக்கொண்டு போய்விடுவார்கள் என்றாள். அந்தச் செருப்பை யாரும் திருடமாட்டார்கள். அவளுக்கும் கையில் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று வேண்டியிருந்தது.

ரிப்போர்ட் வந்தது. "தலை சுத்தமா இருக்கு. கட்டி திரும்பி வரலை" என்றார் டாக்டரம்மா. "ஆனா ரத்தம் கெட்டியாயிடுச்சு. இந்த மருந்து சிவப்பணுவை அதிகமா உண்டாக்கும். தலைவலி, முகச் சிவப்பு எல்லாம் அதனாலதான். தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வந்தா அதுவும் ரத்தத்தைக் கெட்டியாக்கும்."

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம். கட்டி இல்லை என்பது மட்டும்தான் காதில் விழுந்தது.

"சிரிக்காதீங்க. இதுவும் லேசான விஷயம் இல்லை. கெட்டி ரத்தம் எங்கயாவது உறைஞ்சா இதயத்துக்கும் ஆபத்து, மூளைக்கும் ஆபத்து. நீங்க வந்தது நல்லதாப் போச்சு."

ஊசியை நிறுத்தினார். ரத்த வங்கிக்கு அனுப்பி ஒரு பை ரத்தம் எடுக்கச் சொன்னார். நாற்காலியில் சாய்ந்து, பை நிறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கறுத்த சிவப்பு. இதை யாருக்காவது ஏற்றுவீர்களா என்று அங்கிருந்த தங்கச்சியிடம் கேட்டேன். "இல்லண்ணா, இது மருத்துவத்துக்காக எடுக்கிறது, அழிச்சிருவோம்" என்றாள். கொஞ்சம் வருத்தமாக இருந்தது. ஆனால் அடுத்த நாள் காலையில் தலை காற்றுப்போலிருந்தது. தூக்கத்துக்கும் தனியாகப் பரிசோதனை நடந்தது. எடையைக் குறைக்கச் சொன்னார்கள், ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார்கள். இரவு பரோட்டாவை விட்டேன்.

ரத்தம் சரியான அளவுக்கு வந்த பிறகு டாக்டரம்மா ஊசிக்குப் பதிலாக ஜெல் கொடுத்தார். தினமும் காலையில் குளித்துத் துடைத்துவிட்டு இரண்டு தோளிலும் தடவ வேண்டும். தோல் வழியாக உள்ளே போகும். ஊசியைப் போல ஏறி இறங்காது, ரத்தமும் அவ்வளவு கெட்டியாகாது. கேட்கவே நன்றாக இருந்தது. அடுத்து ஒன்று சொன்னார்.

"வீட்ல சின்னப் பொண்ணு இருக்குல்ல. தடவின இடம் அந்தக் குழந்தை மேல படவே கூடாது. மருந்து ஒட்டிக்கும். சின்ன வயசுலயே முடி முளைக்கிறது, உடம்பு மாறுறதுன்னு வந்துடும். அம்மா மேலயும் படக்கூடாது. காய்ஞ்சதும் சட்டை போட்டுக்குங்க, கையை சோப்புப் போட்டுக் கழுவுங்க. குழந்தையைத் தூக்கணும்னா முதல்ல குளிச்சிடுங்க."

என் மகளுக்குத் தூணும் மரமும் ஏணியும் என் தோள்தான். முதல் நாள் காலையில் மருந்து தடவிவிட்டு நின்றபோது வழக்கம்போல ஓடி வந்தாள். நான் பின்னால் நகர்ந்தேன். மறுபடி வந்தாள், மறுபடி நகர்ந்தேன். அவள் முகம் போன போக்கு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அம்மாவிடம் போய், "நைனாக்கு என் மேல கோவமா?" என்று கேட்டாள்.

மனைவி அவளை உட்கார வைத்து, பால்வாடிப் பிள்ளைகளுக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னாள். "நைனா தோள்ல மருந்து கீது. அது நைனாக்கு மட்டும்தான். குளிச்சா போயிடும். குளிச்சப்பறம் நீ ஏறிக்கலாம்."

அதற்கு ஒரு வழியையும் அவளே கண்டுபிடித்தாள். வீட்டில் தடவ வேண்டாம், யார்டுக்குப் போய்த் தடவிக்கொள், சாயங்காலம் அங்கேயே குளித்துவிட்டு வேறு சட்டை மாற்றிக்கொண்டு வா என்றாள். அழுக்குச் சட்டையைத் தனிப் பையில் கொண்டுவந்து தனியாகத் துவைத்தேன். மகள் கதவைத் திறந்ததும் வாசலிலேயே நிறுத்திக் கேட்பாள்.

"குளிச்சியா?"

"குளிச்சேன்."

"சோப்பு போட்டு?"

"போட்டு."

அதன் பிறகுதான் உள்ளே விடுவாள். விட்ட மறுநொடி கழுத்தில் தொங்குவாள்.

யார்டில் குளியலறை எல்லோருக்கும் பொது. ஒரு நாள் காலை நான் தோளில் தடவிக்கொண்டிருந்தபோது என் தோஸ்து உள்ளே வந்தான். அவனும் ரீச் ஸ்டாக்கர் ஓட்டுபவன், நான் கீழே இறக்கப்பட்ட நாளிலிருந்து என் வண்டியையும் சேர்த்துப் பார்த்தவன்.

"இன்னா மாமு, தோள்பட்ட வலியா? எனக்கும் கொஞ்சம் குடு, ராத்திரிலருந்து இஸ்துகினு கீது."

கையை நீட்டிக்கொண்டு நின்றான். கொடுக்க முடியாது. பொய் சொன்னால் நாளைக்கும் கேட்பான்.

"இது வலிக்கு இல்ல மச்சி. ஆம்பள ஹார்மோன். எனக்கு உடம்புல ஊற மாட்டேங்குது. தலையில கட்டி எடுத்தாங்கல்ல, அதுலருந்து."

அவன் கை நீட்டியபடியே இருந்தது. அவன் சிரிப்பான், மதியத்துக்குள் யார்டு முழுக்கத் தெரிந்துவிடும் என்று எதிர்பார்த்தேன்.

"தெனிக்கும் தடவணுமா?"

"தெனிக்கும்."

"எங்க அக்கா புருசன் தெனிக்கும் வயித்துல இன்சுலின் குத்திக்கிறாரு. அவருக்கு அது ஊறல, உனக்கு இது ஊறல." கையை இறக்கிக்கொண்டான். பிறகு, "ஜிம் பசங்க இதத்தான் குத்திக்கிறானுங்களா?" என்று கேட்டான்.

"ஆமா. ஊறுறவன் குத்திகினா, ஊறுறதும் நின்னுபூடும்னு டாக்டரம்மா சொன்னாங்க."

"அய்யய்யோ, எனக்கு வாணாம்பா" என்று வெளியே போனவன், கதவை இழுத்துச் சாத்தி, அங்கே வந்த இன்னொருவரிடம், "உள்ள ஆளு கீது, அப்பால வா" என்று சொன்னது எனக்குக் கேட்டது. அன்றிலிருந்து காலையில் நான் உள்ளே போனால் வெளியே அவன் டீ குடித்துக்கொண்டு நிற்பான். நான் அவனை நிற்கச் சொன்னதில்லை.

ஜெல்லின் அளவையும் இரண்டு முறை மாற்றினார்கள். தடவிய சில மணி நேரத்தில் ரத்தம் எடுக்க வேண்டும் என்ற கணக்கை இப்போது நானே நினைவில் வைத்திருந்தேன். ரத்தத்தின் கெட்டியும் அவ்வப்போது பார்க்கப்பட்டது. கண் பரிசோதனையில் ஓரத்துப் புள்ளிகள் எல்லாம் தெரிந்தன. தகுதிச் சான்று வாங்கிக்கொண்டு போனபோது, சாவியை வாங்கிய அதே சூப்பர்வைசர் அதை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

போன வருடம் டாக்டரம்மாவுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. எப்படி நன்றி சொல்வது என்று மனைவிக்கு மூன்று நாள் யோசனை. அவளுடைய பிறந்த வீடு கத்திவாக்கம். அவள் தம்பி கழிமுகத்தில் விடிகாலையில் பிடித்த இறாலை உயிர்த்துடிப்போடு கொண்டுவந்து கொடுத்தான். ஐஸ் போட்டு, பையை இறுகக் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது புடவை நனைந்திருந்தது.

டாக்டரம்மா பையைத் திறந்து பார்த்தார். முகம் கொஞ்சம் மாறியது.

"நான் சைவம்மா" என்றார்.

மனைவி பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இவ்வளவு காலம் எங்கள் வீட்டின் எல்லா ரகசியத்தையும் இந்த அம்மாவிடம் சொல்லியிருக்கிறோம், அவர் என்ன சாப்பிடுவார் என்று நாங்கள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

டாக்டரம்மா எழுந்து வந்து பையை மனைவி கையிலிருந்து வாங்கிக்கொண்டார். வாசலில் டோக்கன் கூப்பிடும் அம்மாவை அழைத்து அவரிடம் கொடுத்தார். "இவங்க தம்பி காலையில பிடிச்சது. எனக்குக் கொண்டாந்தாங்க. என் பங்கை நீங்க சாப்பிடுங்க." பிறகு என் பக்கம் திரும்பி, புதிதாக வரும் டாக்டருக்கு எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன், ஆனாலும் வீட்டம்மாவைக் கூட்டிக்கொண்டே வாருங்கள் என்றார். நான் கும்பிட்டேன். அவர் என் தோளைத் தட்ட வந்து, சட்டென்று நினைவு வந்தவராகக் கையை இழுத்துக்கொண்டார். மூன்று பேரும் சிரித்தோம்.

பஸ் ஸ்டாப்பில் மனைவி நனைந்த புடவையைப் பிழிந்துகொண்டு நின்றாள். திருவொற்றியூர் வண்டி வந்து, உட்கார இடம் கிடைத்து, ஜன்னல் பக்கம் அவள் போய் உட்கார்ந்த பிறகு சொன்னாள்.

"நல்ல வேள. தம்பி மொதல்ல நண்டுதான் எடுத்தாறன்னு சொன்னான். கட்டு அவுந்து மேசை மேல ஓடியிருந்தா இன்னா ஆயிருக்கும்?"